கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்களுக்குக் குறைந்த செலவில் வீட்டிலேயே என்ன செய்து கொடுக்கலாம்?

ஏழெட்டு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், கையில் காசு குறைவு என்றால் என் ஓட்டு, பூ வடிவ அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரிக்கும் அச்சு முறுக்குக்குத்தான். பச்சரிசி மாவு 2 கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், ஒரு முட்டை, கொஞ்சம் எள். தேங்காய்ப்பால் விட்டு, தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரையுங்கள்.

சூட்சுமம் அச்சில்தான் இருக்கிறது. எண்ணெயில் நன்றாகச் சூடேறிய பிறகே அதை மாவில் முக்க வேண்டும், அதுவும் முக்கால் பாகம் மட்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சைவிட்டு இறங்கவே இறங்காது. புது அச்சு என்றால் முந்தின இரவே எண்ணெயில் ஊறப் போடுங்கள்.

முழுக்க ஆறிய பிறகு அடையுங்கள், இல்லையேல் நமுத்துவிடும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மூடியில் ரிப்பன் கட்டினால் கடைப் பெட்டியைவிட அழகு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இரண்டு பாட்டில்.