பழைய காரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: 14 ஆண்டுகள் ஓடிய என் காரில் கிளட்சையும் சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கான செலவு, காரை விற்றால் கிடைக்கும் தொகையில் பாதியைத் தாண்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பழுதுச் செலவைக் காரின் விற்பனை விலையோடு ஒப்பிடுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வேறு கார் வாங்கினால் ஓராண்டில் ஆகக்கூடிய கடன் தவணை, கூடுதல் காப்பீடு, முதல் சில ஆண்டுகளில் வேகமாகச் சரியும் மதிப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடுதான் அதை ஒப்பிட வேண்டும். கிளட்சும் சஸ்பென்ஷனும் தேய்ந்து மாற்றப்பட வேண்டிய பாகங்களே என்பதால், அவற்றை வைத்து மட்டும் காரைக் கைவிட வேண்டியதில்லை.

ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன், காரைத் தூக்கி நிறுத்தி அடிச்சட்டத்தில், குறிப்பாக சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில், துரு அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினில் கம்ப்ரஷன் சோதனையும் (சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். புகைக்குழாயில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் குளிர்விப்பு நீர் கலந்திருக்கலாம். அடிச்சட்டம் அரித்துப்போயிருந்தால் நான் ஒரு காசும் செலவிட மாட்டேன். அடிச்சட்டம், எஞ்சின் இரண்டும் நன்றாக இருந்தால், தயங்காமல் பழுது பாருங்கள்.