உங்கள் ஃபினோ கெடவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களோடு ஒரே மாலையில் நான்கு ஸ்பெயின் ஒயின்களை ருசித்தோம்: ரியாஸ் பைஷாஸ் அல்பரீனோ என்ற வெள்ளை ஒயின், ரியோஹா கிரியான்சா, பிரியோராத் என்ற இரண்டு சிவப்பு ஒயின்கள், கடைசியாக ஹெரெஸ் ஊர் ஷெர்ரி வகையான ஃபினோ. அல்பரீனோ எல்லோருக்கும் பிடித்தது. ரியோஹா ஸ்பிரிட் மாதிரி மூக்கில் ஏறியது. ஃபினோ உப்புக் கரித்தது, புளித்த மாவு வாடை வேறு. ஷெர்ரி இனிக்கும் என்றல்லவா நினைத்தோம்? பாட்டில் கெட்டுவிட்டதா? பாதி அப்படியே இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

அந்தப் புளித்த மாவு வாடைதான் ஃபினோ. பலோமினோ திராட்சையில் எடுத்த வெள்ளை ஒயினில் ஆல்கஹாலை 15 சதவீதத்துக்கு ஏற்றி, 600 லிட்டர் பீப்பாயில் சுமார் 500 லிட்டர்தான் ஊற்றுகிறார்கள். மேலே விட்ட காலி இடத்தில் காற்றுப் பட்டு, ஒயின்மீது வெண்ணிற ஈஸ்ட் ஆடை படர்கிறது. அதன் பெயர் ஃப்ளோர். காற்று ஒயினைத் தொடாமல் அது காக்கிறது. அதனால்தான் நிறம் வெளிறிய வைக்கோல் மஞ்சளாகவே நிற்கிறது. அதோடு ஒயினிலிருக்கும் கிளிசராலையும் ஃப்ளோர் தின்றுவிடுகிறது. வாயில் வழவழப்பின்றி ஒல்லியாகத் தெரிய அதுவே காரணம். 17 சதவீதத்துக்கு ஏற்றினால் ஃப்ளோர் பிழைக்காது, காற்றுப் பட்டு ஒயின் பழுப்பேறும், அது ஒலொரோசோ என்ற வேறு ஷெர்ரி வகை. நீங்கள் எதிர்பார்த்த இனிப்பு, திராட்சையை வெயிலில் உலர்த்திச் செய்யும் பெத்ரோ ஹிமேனெஸ் என்ற ஷெர்ரியில் கிடைக்கும்.

கெட்டதா என்று பார்க்க, கிளாஸை வெள்ளைத் தாள்மேல் பிடியுங்கள். நிறம் வெளிறியிருந்து, பச்சை ஆப்பிள், பாதாம், மாவு வாசனை வந்தால் நல்ல பாட்டில். பொன்பழுப்பேறி, வாசனை மங்கியிருந்தால் பழசு. வினிகர் போலவோ நகப்பூச்சு நீக்கி போலவோ சுரீரென்று அடித்தால் மட்டும் கொட்டிவிடலாம். ஃபினோவைச் சேமித்து வைக்கக் கூடாது; பாட்டிலில் அடைத்த ஓராண்டுக்குள் குடிப்பதே நல்லது. லேபிளில் அந்தத் தேதி இருந்தால் பார்த்து வாங்குங்கள். 375 மில்லி பாட்டில் கிடைத்தால் அதுவே போதும்.

உங்கள் மாலையில் பிசகியது வரிசை. பிரியோராத் கரும்பலகைக் கல் நிலத்தில் விளையும் கர்னாச்சா, கரின்யேனா திராட்சைகளின் ஒயின், 14.5, 15 சதவீத ஆல்கஹால் சாதாரணம், துவர்ப்பும் கனமானது. அது நாக்கில் நிற்கும்போது ஃபினோவில் உப்பும் புளிப்பும்தான் தெரியும். அடுத்த முறை அல்பரீனோவுக்குப் பிறகு ஃபினோவை ஊற்றுங்கள், 7 முதல் 9 டிகிரியில், வறுத்த உப்புப் பாதாமோ ஆலிவோ தொட்டுக்கொண்டு. பாதாமைக் கடித்து உடனே ஒரு மிடறு குடித்தால் கரிப்பு அடங்கி, ஒயினின் பாதாம் வாசனை மேலே வரும். சிறிய ஷெர்ரி கிளாஸ் வேண்டாம், வெள்ளை ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

ரியோஹா ஏன் மூக்கில் ஏறியது? சூடாக ஊற்றியிருப்பீர்கள். 28 டிகிரி அறையில் எந்தச் சிவப்பு ஒயினிலும் ஆல்கஹால்தான் முதலில் ஆவியாகி வரும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 10 நிமிடம் வைத்தால் ஏறக்குறைய 17 டிகிரிக்கு இறங்கும். வெறும் ஐஸ் போதாது. பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் சீக்கிரம் குளிரும். ரியோஹாவில் கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர வைத்த ஒயின், அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். அமெரிக்க ஓக் என்றால் வெனிலாவும் தேங்காயும் மணக்கும். இவை சூட்டில் அமுங்கிப்போகும்.

மீதி ஃபினோவை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். அதற்குப் பிறகு, பூண்டோடு இறால் வதக்கும்போது அரை கிளாஸ் ஊற்றி வற்ற விடுங்கள்.