ஷோயு ராமென் என்றால் அதில் பன்றி இல்லை என்று பொருளா?

திருச்சியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அலுவலக வேலையாக மூன்று மாதம் டோக்கியோ செல்கிறேன். கோழி, மீன், முட்டை சாப்பிடுவேன். பன்றியும் மாட்டிறைச்சியும் சாப்பிடுவதில்லை. அங்குள்ள சக ஊழியர்கள் வாரம் ஒரு முறையாவது ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைக்கு அழைத்துச் செல்வார்களாம். ‘ஷோயு என்றால் சோயா சாஸ், அதையே கேள், பன்றி இருக்காது’ என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இது சரியா? ஜப்பானிய மொழி தெரியாமல் எப்படி ஆர்டர் செய்வது? பின்னர் வந்து சேரவிருக்கும் என் மனைவி சுத்த சைவம். அவர் ராமென் சாப்பிட வழி உண்டா?”

உங்கள் நண்பர் சொன்னது சரியன்று. ஜப்பானுக்குப் புதிதாக வரும் பலரும் முதல் வாரத்தில் செய்யும் பிழை இதுதான், நானும் செய்திருக்கிறேன்.

கவுன்டரில் அமர்ந்து, சமைப்பவரின் கையைக் கவனித்தால் காரணம் விளங்கும். அவர் முதலில் காலிக் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு கரண்டி கெட்டியான கலவையை விடுவார். அதற்குத் ‘தாரே’ என்று பெயர். அதன்மேல் சிறிது எண்ணெய் விட்டு, பெரிய அண்டாவில் மணிக்கணக்காகக் கொதித்துக்கொண்டிருக்கும் சாற்றை ஊற்றுவார். நீண்ட கைப்பிடி கொண்ட வடிகூடையில் வெந்த நூடுல்ஸை இரண்டு மூன்று உதறலில் நீர் போக வடித்து அந்தச் சாற்றில் இறக்கி, மேலே இறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள் ஆகியவற்றை அடுக்கி உங்கள் முன் வைப்பார். ஷோயு (சோயா சாஸ்), ஷியோ (உப்பு), மிசோ (நொதித்த சோயா விழுது) ஆகிய மூன்றும் அடியில் விடப்படும் அந்தத் தாரேயின் பெயர்கள். அண்டாவில் கொதிப்பது என்ன என்பதை அவை சொல்வதில்லை. நம் ஊர்க் காப்பிக்கடையில் டிகாஷனை விட்டுப் பாலை ஊற்றுகிறார்கள். ‘ஸ்ட்ராங் காப்பி’ என்று கேட்டதை வைத்து அந்தப் பால் பசும்பாலா எருமைப்பாலா என்று எப்படித் தெரிந்துகொள்ள முடியும்?

டொன்கொட்சு என்ற பெயரோ நேராகச் சாற்றையே சொல்கிறது. அதன் பொருளே பன்றி எலும்பு. ஃபுகுவோகாவின் ஹகாட்டா பகுதி இதற்குப் பெயர்போனது. எலும்பைக் கடுமையாகக் கொதிக்க விடுவதால் அதிலுள்ள கொழுப்பும் கொலாஜனும் நீரோடு கலந்து, பால் போன்ற வெண்மை வந்துவிடுகிறது. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் பன்றிச் சாறு என்றும் எண்ணிவிடாதீர்கள். கோழி எலும்பை அதே முறையில் கொதிக்கவைத்தால் கிடைப்பது ‘தோரி பைதான்’. நீங்கள் முதலில் தேட வேண்டியதும் அதுவே. மற்றொரு வகை, நிபோஷி எனப்படும் சிறு மீன் கருவாட்டுச் சாறு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பல கடைகளில் சாற்றுக்குச் சேர்க்கும் கட்சுவோபுஷியும் சூரை மீனைப் புகையூட்டி உலர்த்திச் செய்யப்படுவதுதான். நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம்.

கோழிச் சாறு என்று உறுதியான பிறகும் இன்னும் இரண்டு இடங்களில் பன்றி ஒளிந்திருக்கக்கூடும். மேலே வைக்கப்படும் ‘சாஷூ’ என்ற இறைச்சித் துண்டு, கோழிச் சாற்று ராமெனில்கூடப் பெரும்பாலும் பன்றியாகவே இருக்கும். அதை வேண்டாம் என்று சொல்வது எளிது. அடியில் விடும் தாரேயும் எண்ணெயும்தான் சிக்கலானவை: சாஷூ வெந்த சோயாச் சாற்றையே தாரேயில் சேர்க்கும் கடைகள் ஏராளம், மணத்துக்காகப் பன்றிக் கொழுப்பை விடுபவர்களும் உண்டு. ஆகவே ‘துண்டை எடுத்துவிட்டால் போதும்’ என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் தீர்வு. உங்கள் விலக்கு எவ்வளவு கண்டிப்பானது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். துளியும் கூடாது என்றால் ஹலால் ராமென் கடைகளைத் தேடுங்கள். டோக்கியோவின் அசாகுசா பகுதியில் அத்தகைய கடைகள் உண்டு. அங்கே பன்றி இருக்காது, ஆனால் மாட்டிறைச்சி இருக்கக்கூடும் என்பதால் உங்களைப் பொறுத்தவரை அங்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ராமெனோடு சக ஊழியர்கள் வாங்கும் கியோசா என்ற கொழுக்கட்டையின் பூரணமும் பொதுவாகப் பன்றியே.

இனி, ஆர்டர் செய்யும் முறை. பெரும்பாலான கடைகளில் வாசலருகே சீட்டு இயந்திரம் ஒன்று நிற்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும், பிறகு பொத்தானை அழுத்த வேண்டும், சீட்டை எடுத்துக் கவுன்டரில் வைக்க வேண்டும். மேல் வரிசையின் இடது மூலையில் இருக்கும் பொத்தான் வழக்கமாக அந்தக் கடையின் பெயர்பெற்ற வகை; மொழி தெரியாதவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரையும் அதை அழுத்து என்பதுதான். உங்களுக்கு அந்த அறிவுரை ஆகாது, ஏனென்றால் பெயர்பெற்ற வகையில் பன்றி இருக்கும் வாய்ப்பே அதிகம். இங்கே ஆர்டர் என்பது இருக்கையில் அமர்வதற்கு முன்பே, பணம் கொடுத்து முடிந்துவிடுகிறது. எனவே கேட்க வேண்டியதை இயந்திரத்தில் பணம் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். “சூப்பு நி புட்டா வா ஹைட்டே இமாஸ் கா?” என்றால் ‘சாற்றில் பன்றி இருக்கிறதா?’ என்று பொருள். மாட்டிறைச்சிக்கு, ‘புட்டா’ இருக்கும் இடத்தில் ‘கியூநிகு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். “சாஷூ நாஷி தே” என்றால் ‘சாஷூ இல்லாமல்’. உச்சரிப்பில் நம்பிக்கை இல்லையென்றால், பன்றியும் மாட்டிறைச்சியும் சாப்பிடுவதில்லை, சாற்றிலும் கூடாது என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுதித்தரச் சொல்லிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சக ஊழியர் அதை ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார். நெரிசலான மதிய வேளையில் கடைக்காரரை நிறுத்தி விசாரிப்பதைவிட, கடையைத் தேர்ந்தெடுக்கும்போதே சக ஊழியரிடம் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

கையில் 1,000 யென் தாள்களாக வைத்திருங்கள். பல இயந்திரங்கள் பெரிய தாள்களை ஏற்பதில்லை. 2024 ஜூலையில் புதிய தாள்கள் வெளியானபோது, இயந்திரத்தை மாற்றச் செலவாகும் என்று பழையதையே வைத்துக்கொண்ட சிறு கடைகளும் உண்டு. அங்கே புதிய தாள் வெளியே தள்ளப்பட்டால், கடைக்காரரே பழைய தாளாக மாற்றித் தருவது வழக்கம். ஒரு கிண்ணத்துக்கு 1,000 யெனுக்கு மேல் வாங்கினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று அத்துறையினர் நெடுநாள் அஞ்சிவந்தார்கள். அந்த வரம்புக்கு ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே பெயர். இப்போது அந்தச் சுவர் மெல்ல உடைந்து வருகிறது.

சாப்பிடும் முறை பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணம் வந்ததும் சாப்பிடத் தொடங்கிவிடுங்கள். பேசிக்கொண்டிருந்தால் நூடுல்ஸ் சூட்டில் ஊறித் தளர்ந்துவிடும். ஒலியெழுப்பி உறிஞ்சுவது அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை, காற்றும் கூடவே போவதால் சூடு தணிந்து மணம் மூக்குக்கு ஏறுகிறது. வராவிட்டால் கட்டாயம் இல்லை. சத்தமின்றிச் சாப்பிடுபவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாற்றை முழுவதும் குடித்தாக வேண்டும் என்பதும் இல்லை. அதையும் குடித்தால் ஒரு கிண்ணத்தில் உப்பு பெரும்பாலும் 5 கிராமைத் தாண்டிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைப்பதே 5 கிராமுக்குக் குறைவாகத்தான். இரத்த அழுத்தம் இருந்தால் சாற்றை மிச்சம் வைத்துவிடுங்கள். முடித்ததும் கிண்ணத்தை எதிரே உள்ள உயரமான திட்டில் தூக்கி வைத்து, “கோச்சிசோசாமா” (உணவுக்கு நன்றி) என்று சொல்லி எழுந்துவிடலாம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. வெளியே வரிசை நின்றால், உட்கார்ந்து கதை பேசுவதை விரும்பமாட்டார்கள்.

உங்கள் மனைவிக்கு நான் தரும் முதல் எச்சரிக்கை, ‘காய்கறி ராமென்’ என்ற பெயரை நம்ப வேண்டாம் என்பது. தன்மென் என்ற வகையில் மேலே குவியலாக முட்டைக்கோஸும் முளைப்பயறும் இருக்கும். அடியில் இருப்பது எலும்புச் சாறு. ‘இறைச்சி வேண்டாம்’ என்றாலும் மீன் சாறு வரக்கூடும், அங்கே பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் சேராது. நூடுல்ஸின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை என்று முடிவுகட்டவும் வேண்டாம். ‘கான்சுய்’ என்னும் காரநீர் (மிளகாய்க் காரமன்று, அல்கலி) மாவோடு சேரும்போதே அந்த நிறம் வந்துவிடுகிறது, முட்டை சேர்ப்பது கடைக்குக் கடை மாறும். ஆகவே சாதாரணக் கடையில் எதையெதையோ நீக்கச் சொல்லி மன்றாடுவதைவிட, வீகன் என்று அறிவித்தே நடத்தும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். டோக்கியோ ரயில் நிலையத்தில் உள்ள ‘டீஸ் தன்தன்’ அப்படிப்பட்டது. எள் விழுது சேர்த்த காரமான தன்தன்மென்னை விலங்குப் பொருள் எதுவும் இல்லாமல் செய்கிறார்கள், நம் நாக்குக்கு ஏற்ற காரமும் இருக்கிறது. கடை ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) டிக்கெட் தடுப்புக்கு உள்ளே இருப்பதால், ரயிலில் வந்து இறங்கியதும் வெளியேறாமல் நேரே போய்விடுங்கள். தெருவிலிருந்து வருவதானால், இரண்டு மணி நேரம் செல்லுபடியாகும் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.