தார் வெட்டும் நாளில் தொலைந்த ருசி

கேள்வி: எனக்கு 61 வயது. சொந்த ஊர் நத்தம் பக்கம். சின்ன வயதில் தாத்தா திண்டுக்கல் போய்த் திரும்பும்போதெல்லாம் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கி வருவார். தோல் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும், உள்ளே தேனாக இருக்கும். இப்போது சென்னையில் 'மலைப்பழம்' என்று கேட்டு வாங்கினால் மாவு மாதிரி இருக்கிறது, புளிக்கவும் செய்கிறது. ஹைபிரிட் வந்து ருசியைக் கெடுத்துவிட்டதா, இல்லை என் நாக்குதான் செத்துவிட்டதா? மதுரை வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. சிறுமலைக் கன்று வைத்தால் அந்த ருசி கிடைக்குமா?

பதில்: வாழையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த மாதிரி ஒரு கடிதம் வந்துவிடும். ஊர் மட்டும் மாறும். நாகர்கோவில்காரருக்கு மட்டி, திருச்சிக்காரருக்கு ரஸ்தாளி, உங்களுக்குச் சிறுமலை.

முதலில் ஹைபிரிட் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் சாப்பிடும் வாழையில் முளைக்கும் விதை கிடையாது. தாய்மரத்துக் கிழங்கிலிருந்து வருகிற பக்கக் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். சொல்லப்போனால் கன்று தாயின் பிள்ளையே இல்லை, தாயேதான் இன்னொரு குழியில் நிற்கிறது. உங்கள் தாத்தா வாங்கிய பழமும் இன்று அதே மலையில் விளைகிற சிறுமலைப் பழமும் ஒரே செடியின் பழம் என்றே வைத்துக்கொள்ளலாம். திசு வளர்ப்புக் கன்றுக்கும் இதே கதைதான். கண்ணாடிக் குடுவைக்குள் பிறந்தது என்பதற்காக ருசி மாறாது.

அடுத்த கேள்வி, நீங்கள் வாங்குவது சிறுமலைப் பழம்தானா என்பது. பெரும்பாலும் இருக்காது என்பது என் ஊகம். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் ஒரு காலத்தில் காப்பித் தோட்டத்து நிழலில் மலைவாழை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றது. முடிக்கொத்து நோய் வந்து அதில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. புது இலைகள் விரிய முடியாமல் உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்கும், அந்த மரம் தார் போடாது. நோயுள்ள மரத்தின் கன்றை எடுத்து நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம், அதனால்தான் மலை முழுக்கப் பரவியது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்து மீட்டு வருகின்றன. சிறுமலை வாழைக்கும், பழனி மலைப் பக்கத்து மலைவாழையான விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் வரத்து குறைவு, கேட்பவர்கள் அதிகம். அந்த இடைவெளியில் சமவெளியில் விளைந்த லாடன் போன்ற பழங்கள் 'மலைப்பழம்' ஆகிவிடுகின்றன. லாடனைக் குறை சொல்ல மாட்டேன், மலைவாழைக்கு அது சொந்தக்கார ரகம்தான். ஆனால் மலைப் பழத்தில் தண்ணீர் குறைவு, சதை கெட்டி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிப் பழத்தைத் தேடியதும் அதனால்தான், தண்ணீர் விட்டுக்கொள்ளும் பழத்தைப் போட்டால் பஞ்சாமிர்தம் தங்காது.

சரி, அசல் பழமே வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் மாவாக இருக்கலாம். காரணம் தார் வெட்டிய நாள்.

திராட்சை, ஆரஞ்சு போன்ற பழங்களிடம் இல்லாத ஒரு வசதி வாழையிடம் இருக்கிறது: காயாக வெட்டினாலும் பழுக்கும். பச்சைக் காயில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் மாவுச்சத்து இருக்கும், பழுத்து முடிக்கும்போது ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். மற்றதெல்லாம் சர்க்கரை. வாசனையும் அப்போதுதான் பிறக்கிறது. வாழைப்பழ வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளுக்கு. மலைப்பழத்தில் அதோடு வேறு பல மணப்பொருள்களும் சேர்கின்றன. இவ்வளவும் உருவாகக் காய்க்குள் சரக்கு வேண்டும். நாலு நாள் லாரியிலும் கடையிலும் தாங்க வேண்டும் என்று முக்கால் விளைச்சலிலேயே தாரை வெட்டிவிட்டால், தோல் அழகாக மஞ்சளாகும், உள்ளே சரக்கு இருக்காது. நீங்கள் சொல்லும் 'மாவு மாதிரி' அதுதான். உங்கள் தாத்தா காலத்தில் சிறுமலையிலிருந்து குதிரை முதுகில் தார் இறங்கும், திண்டுக்கல் சந்தையில் ஏலம் போகும், ஒன்றிரண்டு நாளில் நத்தத்தில் இருக்கும். பக்கத்து ஊரில் விற்கிற பழத்தை அவசரப்பட்டு வெட்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

பழுக்க வைக்கும் முறையையும் சொல்ல வேண்டும். அன்று மூட்டம் போட்டார்கள். காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு அந்தப் புகையிலும் இருந்தது. இன்று குளிரறையில் எத்திலீன் வாயு விடுகிறார்கள். இதைக் கேட்டதும் பலர் 'கெமிக்கல்' என்று பதறுகிறார்கள். வாழை தானே பழுக்கும்போது விடுகிற வாயுவும் எத்திலீன்தான். அனுமதிக்கப்பட்ட அளவில் பயன்படுத்தினால் தவறில்லை. கால்சியம் கார்பைடு வேறு விஷயம், அது தடைசெய்யப்பட்டது, அந்தத் தடையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ருசி விஷயத்தில் வாயுவின் மேல் பழி போடாதீர்கள். விளையாத காயை எதை வைத்துப் பழுக்க வைத்தாலும் விளையாத பழம்தான் வரும்.

இனி உங்கள் நாக்கு. நாக்கை விட மூக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு பழம் மெல்லுங்கள், இனிப்பும் லேசான புளிப்பும் மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் 'வாழைப்பழம்' வந்து சேரும். வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்குப் போகும் வாசனைதான் ருசியில் பாதிக்கு மேல். 60 வயதுக்கு மேல் மோப்பம் மெதுவாக மங்கும், ஆகவே உங்கள் இழப்பில் ஒரு பங்கு அங்கேயும் இருக்கலாம். காப்பித்தூள், கறிவேப்பிலை, மல்லிகைப்பூ வாசனையும் திடீரென்று குறைந்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவை எல்லாம் தெரிகிறது, பழம் மட்டும்தான் ஏமாற்றுகிறது என்றால் பழத்தைத் திட்டலாம். (தாத்தா பையைத் திறக்கும்வரை வாசலில் காத்திருந்த பசிக்கு மட்டும் தோட்டக்கலையில் பதில் இல்லை.)

மதுரையில் கன்று வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மரம் வளரும், தாரும் போடும், ஆனால் அது சிறுமலைப் பழமாக இருக்காது. மலையின் குளிர்ந்த இரவு, மர நிழல், மழையை மட்டும் நம்பிய மண், இவற்றில் காய் மெதுவாகத் திரள்வதால் வருகிற கெட்டித்தன்மையை மதுரை வெயிலில் கொண்டுவர முடியாது. அந்த இடத்தில் பூவன் வையுங்கள். ரஸ்தாளி ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை: வாடல் நோய் எளிதில் பிடிக்கும், வந்துவிட்டால் அந்தக் கிருமி பல வருஷம் மண்ணில் தங்கும். பூவன் அதைத் தாங்கும். வீட்டுத் தாரை நீங்களே நன்றாக விளையவிட்டு வெட்டலாம் என்பதுதான் இதில் பெரிய லாபம். முழுசாக விளைந்த பூவனைச் சாப்பிட்டுப் பார்த்தால் கடைப் பூவன்மேல் இரக்கம் வரும்.

சிறுமலைப் பழத்துக்கு வழி, அதைக் காயாக வாங்குவதுதான். ஊருக்குப் போகும்போது திண்டுக்கல்லில் 'சிறுமலை செட்' என்கிற வாழைச் சந்தைக்கு ஒரு நடை போங்கள், அல்லது மலைக்கே ஏறிவிடுங்கள். முழுத் தார் வேண்டாம், இரண்டு மூன்று சீப்பு போதும். காயின் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள்: கூர்மையாக இருந்தால் இளசு, மழுங்கி உருண்டிருந்தால் விளைந்தது. பூ ஒட்டியிருந்த நுனி காய்ந்து, தொட்டால் உதிர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அவசரம் என்றால் மண்பானையில் வைக்கோல் பரப்பி, பழுத்த பழம் ஒன்றையும் கூட வைத்து மூடலாம். தினமும் ஒருமுறை திறந்து காற்றுப் பட விடுங்கள். அடைத்தே வைத்தால் கரியமில வாயு சேர்ந்து பழுப்பதைத் தடுக்கும். பழுக்கும் முன்பு ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த வாழைக்காய் வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது.

மஞ்சளானதும் உரிக்கக் கை பரபரக்கும். இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். தோலில் புள்ளி விழும், பிறகு கறுக்கும், காகிதம் போல மெலிந்து சுருங்கும். வீட்டில் யாராவது அழுகிவிட்டது என்று குப்பைக்கு எடுத்துப் போகப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கையிலிருந்து வாங்கி உரித்துச் சாப்பிடுங்கள்.