சுரங்கப்பாதையும் வானொலியும்

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியில் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கண்ணும் கையும் மெஷினில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் எஃப்எம்தான். வானொலிச் செய்திகளைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு கேள்வி வந்தது. பாட்டு போடுகிறார்கள், சினிமா பேசுகிறார்கள், மாமியார் சண்டையைப் போன் போட்டுக் கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி ஏன் நாலு நாளாக வரவில்லை என்று கவுன்சிலரையோ மெட்ரோ வாட்டர் அதிகாரியையோ லைனில் பிடித்துக் கேட்க ஒரு நிகழ்ச்சிகூட ஏன் இல்லை? டெல்லியில் நடப்பதைப் பற்றியும் எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. "யூடியூப்ல எல்லாம் இருக்கேம்மா" என்கிறான் என் மகன். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

பெயர் போட வேண்டாம்.
வாசகி, வியாசர்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

பண்பலைக்காரர்கள் கேட்க நினைத்தாலும் கேட்க முடியாது. 1999இல் தனியாருக்கு வழி திறந்தபோதே செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள். 2011இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கையில் கொஞ்சம் தளர்த்தினார்கள். அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர், பேரிடர் எச்சரிக்கை ஆகியவற்றைச் செய்தி அல்லாத தகவல்களாகக் கருதிச் சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இந்த விதியை நம் ஏரியாவில் வைத்துப் பாருங்கள். பெருமழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, வண்டிக்காரர்கள் சுற்றிப் போங்கள் என்று எஃப்எம்மில் சொல்லலாம், அது போக்குவரத்துத் தகவல். ஒவ்வொரு மழைக்கும் அங்கே ஏன் தண்ணீர் நிற்கிறது, கேப்டன் காட்டன் கால்வாயைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று அதே ஆர்ஜே வாயைத் திறந்து கேட்டால் அது நடப்பு நிகழ்வு ஆகிவிடும். உங்கள் லாரி கதையும் இதுதான். இன்றைக்கு வராது என்பது வரைக்கும் சொல்லலாம். ஏன் வராது என்பதற்கு உரிமம் இல்லை. பதினெட்டு வருஷமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டியில் 'ஏன்' என்ற சொல்லுக்கே இடமில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கு அது. தனியார் பண்பலையில் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்வும் அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது. பத்து நிமிடம் வந்தால் வரவேற்பேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தை டெல்லியும் கோட்டையும் தின்றுவிடும், வியாசர்பாடிக்கு மிச்சம் இருக்காது.

இப்படி நான் பயப்படுவதற்குக் காரணம் அமெரிக்கா. பாட்டுக்குப் பதில் நேயர்களோடு நாட்டு நடப்பைப் பேசும் பேச்சு வானொலி அங்கேதான் கொடிகட்டிப் பறந்தது. பொதுப் பிரச்சினைகளில் மாற்றுக் கருத்துக்கும் நியாயமான இடம் தர வேண்டும் என்று 1949இலிருந்து அங்கே ஒரு விதி இருந்தது. அதை 1987இல் எடுத்துவிட்டார்கள். மறு வருஷமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. ஒரே மனிதர், ஒரே பக்கம், நூற்றுக்கணக்கான ஊர்கள். 1996இல் வந்த சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பையும் நீக்கியது. உள்ளூர்க்காரர் உட்கார்ந்து பேசிய அறைகளில் எங்கிருந்தோ வரும் ஒலியைக் கடத்தும் இயந்திரம் உட்கார்ந்தது.

அதன் விலையை ஒரு ஊர் கொடுத்தது. வட டகோட்டா மாநிலத்தில் மைனாட். 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி ரயில் தடம் புரண்டு அம்மோனியா டேங்கர்கள் உடைந்தன. ஊர்மேல் விஷ மூட்டம். அங்கிருந்த ஆறு வணிக வானொலி நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் கையில். போலீசார் வானொலி நிலையத்துக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. எச்சரிக்கைக் கருவி இயங்காதது யார் தவறு என்று பின்னால் போலீசாரும் அந்த நிறுவனமும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

அம்மோனியா என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும் என்று தெரியும். 2023 டிசம்பர் 26, எண்ணூர். மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு கொசஸ்தலை ஆற்றில் இன்னும் காயாமல் இருந்த நேரம். நள்ளிரவு நெருங்கும்போது ஓர் ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. சின்னக்குப்பத்திலிருந்து நண்பர் எனக்குப் போன் செய்தார். பின்னால் குழந்தைகள் இருமும் சத்தம். "கண்ணு எரியுது சார், எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல" என்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் ரேடியோவைத் திருகினேன். ஒவ்வொரு நிலையத்திலும் பாட்டு. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தெற்கே திருவொற்றியூர் பக்கம் வாருங்கள் என்று ஏதோ தைரியத்தில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்று விடியும்வரை தூக்கமில்லை. பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், நண்பர் குடும்பம் தப்பியது.

பேரிடர் எச்சரிக்கைக்குச் சட்டத்தில் அனுமதி இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் ஊரோடு தினம் பேசிப் பழகாத ஒரு நிலையத்துக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யார் போன் போடுவார்கள்? அங்கே யார் எடுப்பார்கள்? லாரி வராத அன்றைக்கும், குப்பை எடுக்காத அன்றைக்கும், கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025இல் கைகோத்து நின்ற அன்றைக்கும் அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பழகியிருந்தால்தான் ஆபத்து வரும் இரவில் கை தானாக அதை அழுத்தும்.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். யூடியூபைப் பார்க்க வேண்டும், உங்கள் கண் ஓவர்லாக் மெஷினில் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரு காணொளிக்குக் கீழே நாலாயிரம் பேர் திட்டினாலும் கவுன்சிலர் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். நேரலையில் நீங்கள் ஒரு முனையிலும் அவர் மறுமுனையிலும் இருக்கும்போது அவர் மௌனமாக இருந்தால் அந்த மௌனம் வார்டு முழுக்கக் கேட்கும். சலூனிலும் டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒரே நேரத்தில் கேட்கும். டெல்லியைப் பற்றியும் இந்த வழியாகவே பேசலாம். கேஸ் சிலிண்டர் விலையும் துணிக்கான ஜிஎஸ்டியும் உங்கள் கடைக்குள் வந்துதானே நிற்கின்றன?

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1930 ஏப்ரலிலிருந்து 1938இல் அகில இந்திய வானொலி வரும்வரை சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது, ரிப்பன் மாளிகையிலிருந்து. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் ஒலிபெருக்கி கட்டி மாலை நேரத்தில் மக்களுக்குக் கேட்க வைத்தார்கள். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்ததும் அதே பூங்காவில்தான். வானொலி கேட்கவும் அரசியல் கேட்கவும் ராயபுரத்துக்காரர்கள் ஒரே புல்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அதனால் நான் கேட்பது, லாப நோக்கம் இல்லாமல் ஒரு பகுதி மக்களுக்காக நடக்கும் சின்ன நிலையமான சமுதாய வானொலிக்கு வாய்ப்பூட்டைக் கழற்றுவது. இந்தியாவின் முதல் சமுதாய வானொலி 2004இல் நம் சென்னையில்தான் தொடங்கியது, அண்ணா பல்கலைக்கழகத்தில். 100 வாட் சக்தி, உயரம் குறைந்த கோபுரம். வியாசர்பாடியில் நட்டால் புளியந்தோப்பு, பெரம்பூர், கொடுங்கையூர் பக்கமெல்லாம் கேட்கும். அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்து மூன்று ஆண்டு ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்கும் அரசியல் பேசக் கூடாது என்றுதான் விதி. உள்ளாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு மட்டுமாவது அதில் விலக்கு வேண்டும். பேசுகிறவர் யார், காசு யார் தருகிறார்கள் என்பதைத் தினமும் அறிவிக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதே நேரத்தில் பதில் சொல்ல இடம் வேண்டும். சாதிச் சண்டையையோ வதந்தியையோ கிளப்பினால் உரிமம் போகட்டும். 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி இனப்படுகொலையைத் தூண்டிவிட்டது தெரிந்த எவரும் இந்தக் கட்டுப்பாட்டை மறுக்க மாட்டார்கள். கேட்கிறவரும் பதில் சொல்ல வேண்டியவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தால் பொய் சொல்வதும் கடினம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க உங்கள் குடம் ஒத்துக்கொள்ளாது. வார்டில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபை கூட்ட வேண்டும் என்று 2022இல் விதி வந்திருக்கிறது. உங்கள் பகுதிக்கு எப்போது கூட்டுகிறார்கள் என்று வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். லாரி வந்த நாள், வராத நாள் இரண்டையும் கடையில் இருக்கும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்