பேச்சுத் தேர்வில் தோற்றால் ஜெர்மனிக்கே போய்விட வேண்டுமா?

கேள்வி: திருநெல்வேலிக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்வு எழுதினேன். வாசித்தல், கேட்டல், எழுதுதல் மூன்றிலும் தேறிவிட்டேன். பேசுதலில் மட்டும் 48 மதிப்பெண்தான் கிடைத்தது. கல்லூரியில் ஜெர்மன் மன்றம் இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் ஜெர்மன் பேசுவதில்லை. படிப்பு முடிந்ததும் எட்டு மாத மொழிப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கே போய்விட்டால் பேச்சு தானாக வந்துவிடும், பிறகு அங்கிருந்தபடியே முதுகலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஓர் ஆலோசனை மையத்தார் நான்கு லட்ச ரூபாய் கேட்கிறார்கள். என் அசல் மதிப்பெண் பட்டியல்களையும் 20,000 ரூபாய் முன்பணத்தையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் குறை 12 மதிப்பெண். அதற்கு மருந்தாக நான்கு லட்ச ரூபாயை விலை பேசியிருக்கிறார்கள்.

பி1 தேர்வு, மாட்யூல் என்று சொல்லப்படும் நான்கு தனிப் பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் 100 மதிப்பெண். தேறுவதற்கு 60 வேண்டும். தேறிய மூன்று பகுதிகளை நீங்கள் மறுபடி எழுத வேண்டியதில்லை. பேசுதலை மட்டும் தனியாகக் கட்டணம் செலுத்தி எழுதலாம். இதை உங்களிடம் அந்த மையத்தார் சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன், ஏனென்றால் முழுத் தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று சொல்லி மறுபடியும் மூன்று மாதப் பயிற்சிக் கட்டணம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பேச்சுத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதிலேயே உங்கள் தோல்விக்கான காரணம் இருக்கக்கூடும். பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து உட்காருவீர்கள். தயாராவதற்குக் கால் மணி நேரம், பேசுவதற்கு ஏறத்தாழக் கால் மணி நேரம். முதலில் இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிட வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவது, வகுப்புத் தோழருக்கு வழியனுப்பு விருந்து வைப்பது போன்ற எளிய காரியங்கள்தாம். அடுத்து ஒரு பொருளைப் பற்றி ஐந்து சிறு படிகளில் தனியாகப் பேச வேண்டும். கடைசியில் மற்றவர் பேசியதைக் குறித்துக் கருத்துச் சொல்லி, ஒரு கேள்வி கேட்டு, தம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் ஊர் மாணவர்கள் நடுவில் வரும் தனிப்பேச்சை மனப்பாடம் செய்து மழையாகப் பொழிவார்கள். முதல் பகுதியில் எதிரே இருப்பவர் "சனிக்கிழமை எனக்கு முடியாது" என்று சொன்னவுடன், மனப்பாடத்தில் அந்த வரி இல்லாததால், வாயடைத்துப் போவார்கள். ஆகவே உங்களுக்கு வேண்டியது எதிர்பாராத பதிலைக் கேட்டு அதற்கு உடனே மறுமொழி சொல்லும் பழக்கம். கூடுதல் இலக்கணமோ புதிய புத்தகமோ அதைக் கொடுத்துவிடாது.

இனி, "அங்கே போனால் தானாக வந்துவிடும்" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். மொழிப் பயிற்சி வணிகத்தில் இதைவிட அதிகமாக விலைபோன வாக்கியம் வேறில்லை. என்னிடம் பி1 வரை படித்த ஒருவர், ஆங்கில வழி முதுகலைக்காக ஜெர்மனிக்குப் போய் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தார். போகும்போது பேசிய அளவுகூட அவரால் அப்போது ஜெர்மன் பேச முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாடமும் ஆய்வகமும் ஆங்கிலத்தில் நடந்தன. விடுதியில் பொதுச் சமையலறையைப் பகிர்ந்துகொண்ட ஐவரில் மூவர் தமிழர், ஒருவர் ஆந்திராக்காரர். கடையில் பொருளை எடுத்து வைத்து அட்டையைத் தேய்த்தால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் தயங்கித் தயங்கி ஜெர்மனில் தொடங்கினாலும், கேட்டுக்கொண்டிருந்தவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அந்த இரக்கம்தான் மொழி கற்பவருக்கு முதல் எதிரி.

இது புதிய சிக்கலும் அல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, அந்தத் துறைமுகத்தில் போர்ச்சுகீசிய மொழியை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம்; அன்று ஐரோப்பியர்களுக்கு அது இன்றைய ஆங்கிலம் போல உதவியது. அவரோ ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடும் அளவுக்கு வந்தார். கடல் கடந்து வந்த எல்லாரும் தரங்கம்பாடியில்தான் இருந்தார்கள். சிறுவர்களோடு உட்கார்ந்தவருக்குத்தான் தமிழ் வந்தது.

ஜெர்மன் பல்கலைக்கழக வளாகங்களில் அப்படி உட்காரும் இடங்கள் நிறையவே உண்டு, பெரும்பாலானவற்றுக்குச் செலவும் மிகக் குறைவு. டாண்டம் என்ற ஏற்பாட்டில் உங்கள் மொழியைக் கற்க விரும்பும் ஒருவரோடு இணைத்துவிடுவார்கள். பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் உங்கள் மொழி. ஷ்டம்டிஷ் என்பது வாரம் ஒரு நாள் ஒரே மேசையில் கூடிப் பேசும் வழக்கம். என் அனுபவத்தில் இவற்றைவிட விரைவாகப் பேச்சைக் கொடுப்பவை பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் குழுக்களும், பாடகர் குழுவும், ஃபாக்‌ஷாஃப்ட் எனப்படும் துறை மாணவர் அமைப்பும்தான். அங்கே யாரும் உங்களுக்கு மொழி கற்பிக்க வருவதில்லை. கைப்பந்து ஆட்டத்தில் பந்து உங்களிடம் வரும்போது கத்தும் ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற நினைக்கவே மாட்டார். புதிய மாணவர்களுக்கான காலை உணவுக்கு ரொட்டி வாங்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், எத்தனை, எங்கே, யார் பணம் என்று நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும் இடத்தில்தான் உங்கள் தட்டுத் தடுமாறும் பேச்சைப் பொறுமையாகக் கேட்பார்கள்.

கவனியுங்கள், இந்த இடங்கள் எல்லாம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவருக்கு உரியவை. தனியார் மொழிப் பள்ளியில் எட்டு மாதம் உட்காருபவருக்கு இவற்றில் பலவற்றின் கதவு திறப்பதில்லை. காலையில் நான்கு மணி நேரம் வகுப்பில் இருப்பீர்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவரும் உங்களைப் போலவே பி1-இல் தடுமாறுபவராக இருப்பார். மாலையில் வாடகை அறைக்குத் திரும்புவீர்கள். அதே தடுமாற்றத்தைத் திருநெல்வேலியில் இலவசமாகவே பெறலாம்.

உங்கள் கல்லூரி மன்றத்தைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். நானும் இப்படிப்பட்ட மன்றங்களின் தொடக்க விழாக்கள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பதாகையில் பிராண்டன்பர்க் வாயில் இருக்கும், முதல்வர் ஆங்கிலத்தில் உரையாற்றுவார், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான புகைப்படம் மறுநாள் நாளிதழில் வரும். அதன் பிறகு ஆண்டு முழுவதும் ஒரு வினாடி வினாப் போட்டி நடக்கும், அதுவும் ஆங்கிலத்தில். தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டக் கோப்பு வேண்டும் என்பதற்காகவே நடத்தப்படும் மன்றத்திடம் நீங்கள் பேச்சை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த மன்றத்திடம் ஓர் அறையும், மாலை நான்கு மணிக்குப் பிறகு அதைத் திறந்து வைக்கும் அனுமதியும் இருக்கும். உங்களுக்கு அவை போதும்.

ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறையும் உண்மையாகவே நடக்கப் போகும் ஒன்றை ஜெர்மனில் திட்டமிடுங்கள்: குற்றாலத்துக்குப் போவது, ஒருவரின் தங்கை கல்யாணத்துக்குப் பரிசு வாங்குவது, செயல்முறைத் தேர்வுக்கு யார் எந்தப் பகுதியைப் படிப்பது. ஒருவர் வேண்டுமென்றே மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முடிவானதை ஒருவர் ஜெர்மனில் நான்கு வரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். தேர்வில் உச்சரிப்புக்கும் மதிப்பெண் உண்டு, நம் காதுக்கு நம் தவறு பதிவில்தான் கேட்கும்.

இதோடு ஒரு டாண்டம் துணையையும் இணையத்தில் தேடிக்கொள்ளுங்கள். "என்னிடம் ஜெர்மானியருக்கு என்ன வேலை" என்று நினைக்க வேண்டாம். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அங்கே தமிழ் படிக்கும் மாணவருக்கும் உங்கள் நோய்தான்: எழுத்துத் தமிழ் தெரியும், திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் பேசும் தமிழ் தெரியாது. அவருக்கு நீங்கள் அருமையான துணை. அங்குள்ள மொழி ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, ஆர்வமுள்ள மாணவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறிடத்தில் தேடுங்கள். கிடைத்தவரோடு அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் ஜெர்மன் என்று கடிகாரம் வைத்துப் பேசுங்கள். இரண்டையும் கலந்தால் ஆங்கிலம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதன் பெயரைச் சொல்லித்தான் மற்றதையெல்லாம் விற்கிறார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பல, கோடை விடுமுறையில் மூன்று அல்லது நான்கு வார மொழிப் பயிற்சியைத் தாமே நடத்துகின்றன. காலையில் வகுப்பு, மாலையில் வளாக நிகழ்ச்சிகள், பல இடங்களில் மாணவர் விடுதியிலேயே தங்கும் வசதி. டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு இவற்றுக்கு உதவித்தொகையும் தந்து வந்திருக்கிறது; இப்போதும் உண்டா என்று அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பயிற்சியைப் பல்கலைக்கழகமே நடத்த வேண்டும். பல்கலைக்கழக நகரத்தில் இருக்கும் தனியார் பள்ளி நடத்தினால் அது வேறு. விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் போக வேண்டும். 90 நாளுக்கு உட்பட்ட பயிற்சிக்குக் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா போதும். ஆனால் அந்த விசாவில் போய்விட்டு அங்கிருந்தபடியே முதுகலை மாணவராக மாறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், பயிற்சி முடிந்ததும் திரும்பி வர வேண்டும். கடைசியாக, ஓரளவு பேசத் தொடங்கிய பிறகே போக வேண்டும். பேச்சு தொடங்காதவருக்கு நான்கு வாரம் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே முடிந்துவிடும். தொடங்கியவருக்கு அதே நான்கு வாரம் ஓர் ஆண்டுக்குச் சமம்.

மொழிப் பயிற்சி விசாவில் போய் முதுகலைக்கு "மாறிக்கொள்ளலாம்" என்று உங்கள் மையத்தார் சொல்வதை நம்பி விமானம் ஏறாதீர்கள். மொழிப் பயிற்சிக்கான விசா வேறு, படிப்புக்கான விசா வேறு. பட்டப்படிப்புக்கு ஆயத்தமாகும் மொழிப் பயிற்சியும் படிப்புக்கான விசாவின் கீழேயே வரக்கூடியது. எதற்காகப் போகிறீர்களோ அதைச் சொல்லியே விசா கேட்க வேண்டும். படிப்புக்கான விசாவுக்கு இந்திய மாணவர்கள், கல்வி ஆவணங்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் பெற வேண்டும் என்பது 2022 நவம்பர் முதல் நடைமுறை. அதற்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் 18,000 ரூபாய். விதிகளைத் தூதரகம் தன் இணையதளத்தில் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டிருக்கிறது, ஆனால் ஒரு கிராமத்து மாணவர் படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் அது இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த மையங்கள் கடை விரித்திருக்கின்றன.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் கொடுத்த செலவுப் பட்டியலில் முடக்கக் கணக்கு என்று ஒரு பெரிய தொகை இருந்தால் மிரள வேண்டாம், அவர்கள் கையிலும் கொடுக்க வேண்டாம். படிப்புக்குப் போகும் மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. அது உங்கள் பெயரிலேயே அந்த முடக்கக் கணக்கில் கிடந்து, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும் பணம். அதைக் கட்டணம் போலக் காட்டி, "எங்கள் கட்டணம் அதில் பாதிகூட இல்லை" என்று பேசுவது இந்தத் தொழிலில் பழைய உத்தி. அதேபோல, தேர்வு தேதியையோ விசா நேர்காணல் தேதியையோ வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் கடவுச்சீட்டு நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். ஜெர்மன் தேர்வுகளை நடத்தும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வுக்கு இடம் விரைவாக நிரம்பிவிடுகிறது என்பது உண்மைதான், எனக்கும் அதில் எரிச்சல் உண்டு. ஆனால் முன்பதிவு திறக்கும் நாளில் கணினி முன் உட்காருவதைத் தவிர நேர்மையான வழி வேறில்லை.

இனி உடனடியாகச் செய்ய வேண்டியது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே சண்டை போடாதீர்கள். உங்கள் அசல் மதிப்பெண் பட்டியல்கள் அவர்களிடம் இருக்கும் வரை பேரத்தில் அவர்கள் கை ஓங்கியிருக்கும். ஏபிஎஸ் விண்ணப்பத்துக்கோ கல்லூரி அலுவலகத்துக்கோ தேவைப்படுகிறது என்று சொல்லி, பெற்றோரில் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அசல்களைக் கையோடு வாங்கி வாருங்கள். ஒவ்வொரு தாளும் வந்துவிட்டதா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பயிற்சியில் சேர விருப்பமில்லை என்றும் 20,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ரசீது நகலை இணைத்து விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரசீது கொடுக்காமல் வாங்கியிருந்தால், பணம் அனுப்பியதற்கான வங்கிக் குறுஞ்செய்தியை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.