எத்தனை சுற்று என்று தெரிந்தால்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு ஜிம்மில் இன்டர்வல் பயிற்சி செய்கிறேன். சைக்கிளில் சில நொடிகள் முழு வேகத்தில் மிதித்து, சற்று ஓய்ந்து, மறுபடியும் மிதிக்க வேண்டும். எத்தனை சுற்று என்பதைப் பயிற்சியாளர் சொல்வதே இல்லை. தெரிந்தால் சோம்பல் வந்துவிடும் என்கிறார். எனக்கோ முதல் சுற்றிலேயே கால் தயங்குகிறது. குறை என் மனவுறுதியில்தானா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மனவுறுதியில் குறை காண எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 2011இல் ஃபிரான்சுவா பில்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட உங்கள் நிலையையே சோதித்தது. விளையாட்டு வீரர்கள் 6 நொடி முழு வேகத்தில் மிதித்து 24 நொடி ஓய்வெடுக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. ஒரு நாள் பத்து என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு நாள் ஐந்துதான் என்று சொல்லி, ஐந்து முடிந்ததும் மேலும் ஐந்து கேட்டார்கள். மற்றொரு நாள் எண்ணிக்கையே சொல்லவில்லை. ஐந்துதான் என்று நம்பிய நாளில் முதல் ஐந்து சுற்றுகளில் அவர்கள் வெளிப்படுத்திய ஆற்றல் கூடியிருந்தது. எதுவும் தெரியாத நாளிலோ அவர்கள் அடக்கியே மிதித்தார்கள். முடிவு எங்கே என்று தெரியாதவர் கையிருப்பைக் காத்துக்கொள்வது இயல்பு. அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

நம்பிக்கை எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை 2006இல் கிறிஸ் பீடி குழுவினர் காட்டினர். 10 கிலோமீட்டர் சைக்கிள் சோதனையில் எவருக்கும் காஃபின் (காபியில் உள்ள ஊக்கப்பொருள்) கொடுக்கவில்லை. ஆயினும், அதிக அளவு உட்கொண்டதாக நம்பியபோது வீரர்களின் திறன் 3.1 சதவீதம் கூடியது; வெறும் போலி மாத்திரை என்று நம்பியபோது 1.4 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் இந்த எண்களைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் ‘இன்று நம்மால் ஆகாது’ என்று எண்ணிக்கொண்டு ஏறுவதற்கும் ஒரு விலை உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது.

எதிர்பார்ப்பு புதிய வலுவைப் படைப்பதில்லை. இருக்கும் வலுவில் எவ்வளவைச் செலவிடலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. வலுவைக் கூட்டுவது வாரக்கணக்கான பயிற்சிதான். அப்படியானால் ஐந்து என்று பொய் சொல்லிப் பத்து வாங்கலாமே என்று உங்கள் பயிற்சியாளர் கேட்கக்கூடும். ஒரு முறை வாங்கலாம். அடுத்த முறை அவர் சொல்லும் எந்த எண்ணையும் உங்கள் கால்கள் நம்பாது; அந்த நம்பிக்கை போனபின் மீட்பது கடினம்.

ஆகவே, ஏறும் முன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை சுற்று, ஒவ்வொன்றும் எத்தனை நொடி, இடையில் எவ்வளவு ஓய்வு. சுற்றுகளை நாளுக்கு நாள் அவர் மாற்றட்டும். அதில் தவறில்லை, மாற்றத்தைத் தொடக்கத்திலேயே சொன்னால் போதும். நடுவில் நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் மட்டும், எத்தனை சுற்று மிச்சம் என்று பார்க்காமல் உடனே இறங்கிவிடுங்கள்.